குடை வரைந்த நோட்டு

நான் எப்போது முடிப்பேன் என்று, தொடங்குவதற்கு முன்பே கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்ட அவைத் தலைவர், தலைமையாசிரியர் அம்மையார் அவர்களே! முன்வரிசையை முன்கூட்டியே பிடித்து, முழங்கால் வலியையும் முணுமுணுப்பையும் கூடவே கொண்டுவந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளைப் பெற்று, பேணி, அவர்கள் தொலைத்த பென்சிலைத் தேடித் தேடியே பாதி ஆயுளைக் கழித்த தாய்மார்களே! அந்தப் பென்சில் தங்கள் சட்டைப் பையில் இருப்பதை இன்றுவரை ஒப்புக்கொள்ளாத தந்தைமார்களே! இந்த மண்டபத்திலேயே உண்மையை மட்டும் எழுதுகிற, ஆகவே மிக மிக ஆபத்தான, நாலாம் வகுப்பு மாணவ மணிகளே! அனைவருக்கும் என் வணக்கம்.

வணக்கத்தோடு ஒரு வாக்குமூலம்.

நான் என் மகளின் நோட்டைத் திருடிப் படித்தவன். எங்கே படித்தேன்? குளியலறையில். எப்படிப் படித்தேன்? குழாயைத் திறந்துவிட்டுப் படித்தேன். ஏன் திறந்தேன்? பக்கம் புரட்டும் சத்தம் வெளியே கேட்கக் கூடாதே! வாளி நிரம்பியது, வழிந்தது, கதவுக்கு அடியில் வெளியேயும் போனது. வெளியிலிருந்து என் மனைவியின் குரல்: "என்னங்க, உள்ள குளிக்கிறீங்களா, குளம் வெட்டறீங்களா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதை என் மனைவியும் மகளும் இந்த நிமிடம் வரை அறியார்கள். அதோ இரண்டாம் வரிசையில் மனைவி என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறாள். வீட்டுக்குப் போனதும் அது இரண்டு மாதிரி ஆகும்.

நான் யார்? வாரப் பத்திரிகையில் நகைச்சுவை எழுதிப் பிழைப்பவன். அடுத்தவர் வீட்டுச் சங்கதி என்றால் எனக்கு நாலு காது முளைக்கும். என் வீட்டுச் சங்கதி என்றால் இருக்கிற இரண்டும் அடைத்துக்கொள்ளும். அதோடு பிறவிச் சந்தேகப் பிராணி. இந்த விழாவுக்கு என்னை ஏன் அழைத்தார்கள் என்று மூன்று நாளாகச் சந்தேகம். வாசலில் பூங்கொத்து கொடுத்தார்களே, அதற்குள் ஏதேனும் தாள் செருகியிருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தேன். இந்த மேசைமேல் ஒரு குவளைத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். நான் குடிக்கவில்லை. நீங்கள் சிந்தித்துப் பாருங்கள்: புதன்கிழமை மாலை நாலு மணிக்கு, வேலை நாளில், என்னைப் போன்ற ஒரு குற்றவாளியைக் கூப்பிட்டுப் பரிசு கொடுக்கச் சொல்வார்களா? கூப்பிட்டவர் யார்? நான் யாருடைய வேலைக்கு வேட்டு வைக்கப் பார்த்தேனோ, அவரேதான்!

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'ஏன் டீச்சர்'. அதோ மேடையின் ஓரத்தில், ஒன்றுமே அறியாதவர்போல் உட்கார்ந்திருக்கிறார். பெரியோர்களே, ஒன்றுமே அறியாதவர்போல் உட்கார்ந்திருப்பவர்களை நம்பாதீர்கள்! அவர்களுக்கு எல்லாம் தெரியும்.

விடுமுறைக்கு முன் அவர் ஒரு தாள் கொடுத்தனுப்பினார். 'விடுமுறைக் கணக்குக் கதைகள்' என்று தலைப்பு. முன்பக்கத்தில் ஐந்து விதி. தினம் ஒரு கதை எழுத வேண்டும். விடுமுறையில் வீட்டில் நீ கண்டதாக இருக்க வேண்டும். எண்கள் எல்லாம் நீயே எண்ணியதாக, நீயே அளந்ததாக இருக்க வேண்டும். கதையின் கடைசி வரி ஒரு கேள்வியாக இருக்க வேண்டும். நோட்டில் யார் பெயரும் கூடாது. அட்டையில் ஒரு படம் மட்டும் வரைந்துகொள்.

படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. பெயர் வேண்டாம் என்கிறார்களே, ஏன்? எண்ணச் சொல்கிறார்களே, எதை? அளக்கச் சொல்கிறார்களே, யாரை? நாம் படித்த காலத்தில் கணக்கு எப்படி இருந்தது? ஒரு குழாய் தொட்டியை நிரப்பும். இன்னொரு குழாய் காலி செய்யும். யாருக்கு என்ன வந்தது? குழாய்க்கு மனைவி உண்டா? தொட்டிக்கு மானம் உண்டா? இது அப்படியா? நடுவீட்டில் நாற்காலி போட்டு, நம் சோற்றைத் தின்று, நம் குற்றத்தைக் குறிப்பெடுக்கும் கணக்கு அல்லவா இது!

அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகள் பல் துலக்கும் நேரத்தில், அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தேன். அட்டையில் ஒரு குடை. குளியலறைக்குள் போனேன். குழாயைத் திறந்தேன். முதல் பக்கத்தைப் படித்தேன்.

'அப்பா காலை ஆறு மணிக்கு நடைப்பயிற்சிக்குப் போகிறார். பூங்காவுக்குப் போகப் பன்னிரண்டு நிமிடம். திரும்பி வரப் பன்னிரண்டு நிமிடம். பூங்காவை ஒரு முறை சுற்ற ஆறு நிமிடம். அப்பா மூன்று சுற்று சுற்றியதாக அம்மாவிடம் சொல்கிறார். ஆனால் ஆறு இருபத்தெட்டுக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். அப்படியானால் அப்பா பூங்காவில் என்ன செய்தார்? ஒரு வாக்கியத்தில் விடை எழுதுக.'

அன்பார்ந்தவர்களே! ஒரு வாக்கியம் எதற்கு? ஒரு சொல் போதும். பெஞ்சு!

எங்கள் வீட்டிலிருந்து பூங்காவுக்கு ஒன்பது நிமிடம்தான். குழந்தைதானே, காலைச் சின்னதாக வைத்து அளந்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் பெஞ்சு உண்மை. பெஞ்சு சத்தியம். வேப்பமரத்தடிப் பெஞ்சில் நான் தேய்த்த தேய்ப்பில் வண்ணம் போய்விட்டது.

மூன்றாம் வரிசையில் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். பக்கத்து நாற்காலியில் பையை வைத்து இடம் பிடித்துக்கொண்டு, மடியில் தேநீரை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். ஐயா, தேநீர் கொட்டிவிடும். மெதுவாகச் சிரியுங்கள். இன்னும் இருக்கிறது.

இரண்டாவது கதை. 'பிஸ்கட் பொட்டலத்தில் இருபத்துநான்கு பிஸ்கட். நான் தின்றது நாலு. அம்மா மூன்று. வந்த விருந்தாளி இரண்டு. செவ்வாய்க்கிழமை மீதி இருந்தது ஐந்து. காணாமல் போனவை எத்தனை? எங்கள் வீட்டில் ஒருவருக்கு மருத்துவர் இனிப்பே கூடாது என்று சொல்லியிருக்கிறார். அவர் பீரோவுக்குப் பின்னால் அடிக்கடி எதைத் தேடுகிறார்?'

இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. நான் பிஸ்கட் ஒளிப்பவன்தான்; மறுக்கவில்லை. ஆனால் பீரோவுக்குப் பின்னால் அல்ல, அகராதிக்குப் பின்னால். அது போகட்டும். எனக்கு இனிப்பு கூடாதா? எப்போது சொன்னார்? யாரிடம் சொன்னார்? மனைவியும் மருத்துவரும் சேர்ந்து என்னிடம் மறைக்கிறார்களா? மறுநாள் காலை வெறும் வயிற்றோடு போய் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அப்போது எனக்கு என்ன வந்தது? நிம்மதியா? இல்லை. பரிசோதனைக்காரர் மீதும் சந்தேகம் வந்தது!

என்னம்மா மகளே, எதற்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே இப்படிக் கையை ஆட்டுகிறாய்? வெட்கமாக இருக்கிறதா? இரு, அப்பா முடித்துவிடுகிறேன்.

மூன்றாவது கதைதான் என் முதுகெலும்பை முறித்த கதை. 'அம்மா திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் மாலை நாலு பத்துக்குக் கடைக்குப் போகிறார். கடைக்குப் போகவும் வரவும் பத்து நிமிடம். கடையில் பதினைந்து நிமிடம். ஆனால் அம்மா வீட்டுக்கு வருவது ஐந்து நாற்பதுக்கு. மீதி நேரம் எவ்வளவு? அந்த நேரத்தில் அம்மா எங்கே இருக்கிறார்?'

அறுபத்தைந்து நிமிடம்! தாய்மார்களே, ஒரு கணவனின் வாழ்வில் அறுபத்தைந்து நிமிடம் என்றால் சாதாரணமா? மூன்று நாளுக்கு நூற்றுத் தொண்ணூற்றைந்து நிமிடம்! நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது. ஆனால் எண் என்றால் நெஞ்சு வெந்துவிடுகிறது. நான் கேட்டேனா? 'எங்கேம்மா போயிருந்தாய்' என்று வாயைத் திறந்து, ஒரே ஒரு வார்த்தை, மனைவியிடம் கேட்டேனா? கேட்கவில்லை. பின்தொடர்ந்தேன்.

திங்கள்கிழமை போனேன். கடைக்குப் போனாள், வாங்கினாள், வந்தாள். இருபத்தைந்து நிமிடம். புதன்கிழமை போனேன். இருபத்துநான்கு நிமிடம். எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? மனைவி நல்லவள் என்று. எனக்கு என்ன தோன்றியது? ஆகா, உஷாராகிவிட்டாள்! வெள்ளிக்கிழமை இன்னும் நெருக்கமாகப் போனேன். அவள் திடீரென்று திரும்பினாள். நான் பக்கத்துக் கடைக்குள் பாய்ந்தேன்.

"இங்க என்னங்க பண்றீங்க?"

"சும்மாதான்மா. தக்காளி எப்படி இருக்குன்னு பாத்துட்டிருக்கேன்."

"இது செருப்புக் கடைங்க."

கடைக்காரர் வேறு, "சார் பத்து நிமிஷமா ஒரு கால் செருப்பையே கையில வச்சுக்கிட்டு தெருவையே பாக்கறாரும்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அன்று நான் செருப்போடு வீடு திரும்பினேன். அதுவும் ஒரு அளவு சின்னது.

கட்டம் போட்ட சட்டை ஐயா, ஏன் சிரிப்பை நிறுத்திவிட்டீர்கள்? அடுத்த வீட்டுக் கதைதானே, சிரியுங்கள்! உங்கள் கையில் இருப்பது நாலாவது பிஸ்கட் என்று மேடையிலிருந்தே எண்ணிவிட்டேன். அதைத் தின்றுகொண்டே சிரியுங்கள்.

இனி நான் செய்த பாவத்துக்கு வருகிறேன். இந்த டீச்சரை விட்டால் ஊரில் ஒரு குடும்பம் தேறாது என்று முடிவு கட்டினேன். அவர் தற்காலிக ஆசிரியர். விடுமுறை முடிந்த உடனே அவர் பணியை நீட்டிப்பதா, நிறுத்துவதா என்று முடிவாக வேண்டிய நேரம். ஒரு மனு எழுதினேன். என் எழுத்துத் திறமை முழுவதையும் அதில் இறக்கினேன்! 'பிஞ்சு விரல்களால் பெற்றோரை வேவு பார்க்கும் பேராபத்து' என்று தொடங்கினேன். என் கதைகளில் இல்லாத வேகம் அதில் இருந்தது. வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள். வீடு வீடாகப் போனேன்.

தையல்காரர் முதலில், "நமக்கு எதுக்கு சார் இந்த வம்பு?" என்றார். "உங்க பையன் நோட்டை ஒரு தரம் பாத்துட்டு சொல்லுங்க" என்றேன். உள்ளே போனார். வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது. "சார், பேனா இருக்கா?" என்றார். பேருந்து ஓட்டுநர் வீட்டில் கணவனும் மனைவியும் போட்டி போட்டுக்கொண்டு கையெழுத்திட வந்தார்கள். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் நோட்டைப் பார்த்திருந்தார்கள். பல் மருத்துவர் என்னை வாசலிலேயே கட்டிக்கொண்டார். என்னையும் சேர்த்து இருபத்திரண்டு பேர்! ஒருவர் மட்டும் மறுத்தார். யார்? இதோ, இதே கட்டம் போட்ட சட்டைக்காரர்!

"எங்க வீட்ல ஒளிக்கிறதுக்கு என்ன சார் இருக்கு?" என்றார் நெஞ்சை நிமிர்த்தி. "என் பொண்ணு என்னைப் பத்தி எழுதினா பெருமையாத்தான் எழுதும்."

அன்று நான் அவர் முன்னால் கூனிக் குறுகினேன். அவர் வாசலை விட்டு இறங்கும்போது, ஒரு கோபுரத்தைப் பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்த்துவிட்டு இறங்கினேன்.

மிச்சம் ஒன்பது வீடு. ஒன்பதும் பூட்டிக் கிடந்தன. விடுமுறை அல்லவா, ஊருக்குப் போயிருந்தார்கள். நான் என்ன செய்தேன்? சொல்லக் கூசுகிறது. போன வருடப் பெற்றோர் கூட்டத்து வருகைத்தாளைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அதைப் பார்த்துப் பார்த்து அந்த ஒன்பது பேருக்கும் நானே போட்டேன். வலது கையால் ஐந்து, இடது கையால் நாலு.

பள்ளி திறந்தது. தலைமையாசிரியர் அறை. மேசைமேல் என் மனு. ஒரு பக்கம் நான், எதிர்ப் பக்கம் ஏன் டீச்சர், நடுவில் அம்மையார்.

"முப்பத்தோரு பேர் கையெழுத்து போட்டிருக்காங்க. நீங்க என்ன சொல்றீங்க டீச்சர்?" என்று கேட்டார் அம்மையார்.

டீச்சர் எழுந்தார். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையோடு கொண்டுவந்திருந்த நோட்டு அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்தார். அட்டையில் ஒரு பூனை. "இது சாரோட பொண்ணு நேத்து குடுத்தது மேடம், வாசிக்கட்டுமா?" என்றார். ஓகோ, குடை நோட்டு தீர்ந்து இரண்டாவது நோட்டும் தொடங்கிவிட்டாளா என்று நினைத்தேன். வாசித்தார்.

'அப்பா ஒரு மனு எழுதினார். அதில் முப்பத்தொரு கையெழுத்து. வெளியூர் போன குடும்பங்கள் ஒன்பது. அப்பாவின் மேசைக்கு அடியில் கசக்கிப் போட்ட தாளில் அந்த ஒன்பது பேரின் கையெழுத்தும் தலா ஐந்து முறை இருக்கிறது. அப்பா பழகிப் பார்த்த கையெழுத்து மொத்தம் எத்தனை? அப்பா எதற்கு இவ்வளவு பயப்படுகிறார்?'

அவையோரே! அந்தக் கதையின் கீழே வேறு மையில், வேறு சாய்வில் விடை எழுதியிருந்தது: 'நாற்பத்தைந்து. அவரைக் கேட்டால்தான் தெரியும்.' பேனாவை மாற்றினால் எழுத்தும் மாறுமோ என்று நினைத்துக்கொண்டேன்.

தலைமையாசிரியர் அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்கு சார் பயந்தீங்க?" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. மனுவை எடுத்துக் கிழிக்கப் போனேன். டீச்சர் பதறினார்: "ஐயோ, கிழிக்காதீங்க சார், அது நல்ல கணக்கு!"

அன்று மாலை மகளிடம் கேட்டேன். "ஏம்மா, என்கிட்ட நேரா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டேனேப்பா. நோட்ல கேள்விக்குறி போட்டிருந்தேனே, பாக்கலையா?"

அந்தக் கேள்விக்குறியைத்தான் இன்று உங்கள் முன் உயர்த்திப் பிடிக்க வந்தேன். வேவு பார்ப்பவன் யார்? எண்ணியதை எழுதிவிட்டு 'ஏன்' என்று கேட்ட குழந்தையா? எண்ணியதைப் படித்துவிட்டு எதையும் கேட்காமல் தெருத் தெருவாய்ப் பின்தொடர்ந்த நானா? கையில் ஒரு எண் கிடைத்தால் நாம் என்ன செய்கிறோம்? அதன் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி வைக்கிறோம். அவன் இப்படித்தான், புள்ளி! அவள் அப்படித்தான், புள்ளி! ஊர் முழுக்க நாம் வைத்திருப்பது புள்ளி, புள்ளி, புள்ளி! குழந்தை வைப்பதோ கேள்விக்குறி. காது வடிவில் வளைந்து நிற்கிறதே, கவனித்தீர்களா? நீ சொல், நான் கேட்கிறேன் என்று நிற்கிறது! கணக்கு எண்ணக் கற்றுக்கொடுக்கும். எழுத்து கேட்கக் கற்றுக்கொடுக்கும். இரண்டையும் ஒரே நோட்டில் சேர்த்துக் கட்டிய இந்த ஆசிரியரைத்தான் நான் விரட்டப் பார்த்தேன்! அவர் பணி நீடிக்கிறது என்று, நான் மேடை ஏறுமுன், அம்மையார் அறிவித்தபோது, இந்த மண்டபத்தில் முதலில் கைதட்டியவன் நான். இரண்டாவதாகத் தட்டியவள் என் மனைவி. அவள் தட்டியது என் முதுகில்.

ஆகவே கேளுங்கள்! கணவனைக் கேளுங்கள், மனைவியைக் கேளுங்கள்! பின்தொடராதீர்கள், பக்கத்தில் நடங்கள்! சந்தேகத்துக்கு விடை செருப்புக் கடையில் இல்லை என்று, காலைக் கடிக்கும் இந்தச் செருப்பின் மீது ஆணையிட்டுச் சொல்கிறேன்! பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், பொறுக்க முடியாமல் சிரித்த தாய்மார்களுக்கும், மன்னித்து மேடை தந்த ஏன் டீச்சருக்கும் நன்றி. எல்லோருக்கும் மீண்டும் வணக்கம்.

என்ன சீட்டு இது? ஓ, பரிசை அறிவித்துவிட்டுத்தான் இறங்க வேண்டுமா? அறிவிக்கிறேன். இரண்டாம் பரிசு, பூனை வரைந்த நோட்டு. முதல் பரிசு, குடை வரைந்த நோட்டு! இரண்டுமே என் மகளுக்கா? எனக்கே இதில் சந்தேகமாக இருக்கிறது. எழுந்து வாம்மா. ஏன் தலையை ஆட்டுகிறாய்? யார் இந்தப் பெண், மூன்றாம் வரிசையிலிருந்து ஓடி வருகிறாளே?

டீச்சர் என் காதில் சொல்கிறார். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். "சார், அந்தத் தாளோட பின்பக்கம் பாக்கலையா? சனிக்கிழமைதோறும் பிள்ளைங்க ஒருத்தர் நோட்டை இன்னொருத்தர் வாங்கிட்டுப் போகணும். அவங்க கேள்விக்கு இவங்க விடை எழுதணும். உங்க பொண்ணோடது பூனை. குடை, அவ பக்கத்துல உக்காருற பொண்ணோடது."

அப்படியானால் பன்னிரண்டு நிமிடப் பூங்கா என்னுடையது அல்ல. பீரோவும் என்னுடையது அல்ல. இவ்வளவு நேரம் நான் இங்கே மனமுருகி ஒப்புக்கொண்டதில் பாதி என் குற்றமே அல்ல. மகளின் எழுத்து எப்படி இருக்கும் என்று தெரியாத குற்றம் மட்டும் முழுக்க என்னுடையது.

கட்டம் போட்ட சட்டை ஐயா, உங்கள் மகளுக்கு வாழ்த்துகள். அந்த பிஸ்கட்டைக் கீழே வைத்துவிடுங்கள். பையை வைத்து இடம் பிடித்திருக்கிறீர்களே, அது யாருக்கு என்று நான் கேட்க மாட்டேன், வந்ததும் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். இன்று புதன்கிழமை. மணி நாலு ஐம்பது.